நம்பர் யாரோடது

ஆபீஸில் அவளுக்குத் துருவி என்று பெயர். எதைக் கொடுத்தாலும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகரமாட்டாள், தேங்காயின் அடி ஓடு தெரிகிறவரை துருவுகிற மாதிரி துருவிக்கொண்டே இருப்பாள் என்று யாரோ வைத்தது. வைத்தவர் வேலையை விட்டே போய்விட்டார், பெயர் போகவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், ஆபீஸிலிருந்து வந்த போனை எடுத்த நாத்தனார், "துருவியா? அப்படி ஒண்ணு சமையல்கட்டுலதான் தொங்குது, கூப்பிடவா?" என்று கேட்டு வைத்தாள். அன்றிலிருந்து வீட்டிலும் அதே பெயர்.

நாத்தனார் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கணவனுக்குத் தங்கை. துருவியைவிட நாலு வயது சின்னவள், வாய் மட்டும் நாற்பது வயது பெரியது. கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், அவள் காலடியில் ஒரு பிரேக். அவள் பக்கத்துப் பிரேக் தேய்கிற வேகத்தைப் பார்த்து மெக்கானிக்கே அசந்துபோவான். முதல் சில வருஷம் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம்தான். அப்புறம் நாத்தனாருக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. ஆபரேஷன், மருந்து ஏற்றுவது, முடி கொட்டுவது என்று அடுத்தடுத்து வந்த மாதங்களில் ஆஸ்பத்திரி நாற்காலியில் கூடவே உட்கார்ந்திருந்தவள் துருவிதான். மடியில் லேப்டாப்பை வைத்து வேலை பார்ப்பாள். படுத்திருப்பவள் இடையிடையே வாந்தி எடுத்துவிட்டு, "ம், சொல்லுங்க அண்ணி, அந்த மேனேஜர் என்ன சொன்னாரு?" என்று விட்ட இடத்திலிருந்து கேட்பாள். அந்த நாற்காலியில்தான் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள்.

சிகிச்சை முடிந்தபிறகு, நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். எண் ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி, மேலே போனால் மறுபடியும் முதலிலிருந்து. ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தார்கள். கோட்டுக்கு வெகு கீழே இருந்தது எண். கணவன் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டான். அழுகிறான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"அண்ணா, தண்ணி வீணாகுது!" என்று கத்தினாள் நாத்தனார். கத்தின குரலே கரகரத்தது. துருவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் அன்றைக்குத்தான் எல்லாரும் ஒழுங்காகத் தூங்கினார்கள்.

அந்த வார இறுதி கழிந்து துருவி ஆபீஸுக்குப் போனபோது, மேனேஜர் அவளுக்காகக் காத்திருந்தார்.

அவர்கள் கம்பெனி ரத்தம் பரிசோதிக்கிற மெஷின் செய்கிறது. ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. முன்னால் டியூப்களை ரேக்கில் வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டு, அளந்து, ரிப்போர்ட் தரும். அந்தப் பெட்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்தான் துருவியின் பொறுப்பு. மேனேஜர் நல்ல மனுஷர். ஆனால் எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்பார். தீப்பிடித்துவிட்டது என்றாலும் "அப்புறம்?" என்றுதான் கேட்பார் என்று ஆபீஸில் பேச்சு. அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் அவருக்கு அப்புறம் சார் என்று பெயர்.

"ஒரு லேப்ல இருந்து கூப்பிட்டிருக்காங்கம்மா. நீயே கேளு" என்று போனை ஸ்பீக்கரில் போட்டார்.

மறுமுனையில் ஒரு லேப் டெக்னீஷியன். நிதானமான பெண் குரல். "மேடம், போன மாசத்துல இருந்து அப்பப்ப ஒரு டியூபுக்கு ரிப்போர்ட் வராம நிக்குது. அடுத்த ஆளோட டியூபை வச்சா, நின்ன ரிப்போர்ட் வருது. அதுக்கப்புறம் எல்லாமே ஒண்ணு தள்ளித் தள்ளித்தான் வருது. மெஷினை அணைச்சுப் போட்டா சரியாகுது. அணைக்கிறப்ப மாட்டிக்கிட்டதை நாங்க திரும்ப வச்சு எடுத்துடுறோம்."

"தாமதமா வர்ற ரிப்போர்ட்ல பேரு யாரோடதா இருக்கு?" என்று கேட்டாள் துருவி.

"பேரு சரியாத்தான் இருக்கு. முந்தின ஆளோட பேரு. ஆனா நம்பர் யாரோடதுன்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்? இப்ப உள்ள போன டியூபோட நம்பரைத் தூக்கி முந்தினவங்க பேருல போட்டிருந்தா?"

அப்புறம் சார்கூட அப்புறம் கேட்கவில்லை.

"நீங்க எந்த லேப்?" என்றாள் துருவி.

அந்த அம்மாள் லேபின் பெயரைச் சொன்னாள். சாப்பாட்டு மேசையில் பிரித்த காகிதத்தின் தலையில் இருந்த பெயர் அதுதான்.

மேனேஜர் யோசித்து நேரம் கடத்தவில்லை. அங்கேயே, "மெஷினை இப்பவே நிறுத்திடுங்கம்மா. வேற மெஷின் இருக்கில்ல? அதுல ஓட்டுங்க. நாங்க பார்த்துட்டுச் சொல்றோம்" என்றார். போனை வைத்துவிட்டுத் துருவியிடம் திரும்பினார். "வெறும் தாமதம்னா திட்டு வாங்கிட்டுத் திருத்திடலாம். கலந்திருந்துச்சுன்னா, போன மாசத்துல இருந்து அந்த மெஷின்ல போன ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுச் சொல்லணும். எவ்வளவு சீக்கிரம் தெரியும்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றாள் துருவி. தன் நாத்தனாரும் அந்த ஒவ்வொருத்தரில் ஒருத்தி என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டாள். சொன்னால் இந்த வேலையிலிருந்து விலக்கிவிடுவார். வேறு யாரோ துருவ, தான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

அன்று வீட்டுக்குப் போனால் நாத்தனார் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தாள். மருந்து நின்றபின் முளைத்த முடியை முதல்முறையாக வெட்டிவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணி, எப்படி இருக்கு? முடி வெட்டுறவ கேக்குறா, 'யாருங்க முன்னாடி இப்படிக் கன்னாபின்னான்னு வெட்டினது'ன்னு. டாக்டர்னேன். அதுக்கப்புறம் அவ வாயே திறக்கல."

"நல்லா இருக்கு" என்று துருவி சிரித்தாள். சிரிப்பு முகத்தோடு நின்றுவிட்டது. வேறு லேபில் இன்னொரு தடவை ரத்தம் கொடு என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். ஏன் என்று கேட்பாள். அவளிடம் பாதி பதில் சொல்லிவிட்டுத் தப்பித்தவர் கிடையாது. கணவனிடம் சொன்னாலோ அவன் முகமே மைக் வைத்து அறிவித்துவிடும். கோட்டுக்குக் கீழே இருந்த அந்த எண் யாரோ ஒருத்தருடையதாகவும், மேலே போன எண் இவளுடையதாகவும் இருந்தால்? அப்படியானால் இன்னொரு வீட்டில், ஒன்றுமே இல்லாத யாரோ ஒருத்தி பயந்து செத்துக்கொண்டிருப்பாள். வெள்ளிக்கிழமைவரை பார்ப்போம், அதற்குமேல் ஒரு மணி நேரம்கூட மறைப்பதில்லை என்று தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டாள்.

சாப்பிடும்போது நாத்தனார் அவளையே பார்த்தாள். "என்ன அண்ணி, பேயடிச்ச மாதிரி இருக்கீங்க? எனக்கு ரிப்போர்ட் நல்லா வந்ததுல உங்களுக்கு ஏதாவது வருத்தமா?"

விளையாட்டுக்குத்தான் கேட்டாள். துருவி, "ஆபீஸ்ல ஒரு தலைவலி" என்று சொல்லி எழுந்துவிட்டாள்.

தலைவலி என்னவென்று அவளுக்குப் பாதி புரிந்திருந்தது. மறுநாள் காலையில் மேனேஜருக்கு வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டினாள். கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமும் கெர்னல் என்கிற ஆதாரப் புரோகிராமுக்குக் கீழேதான் குடித்தனம் நடத்துகிறது. யார் எப்போது ஓடலாம், யாருக்கு எவ்வளவு இடம் என்பதெல்லாம் கெர்னலின் கையில். ஓடிக்கொண்டிருக்கிற புரோகிராமைப் பிராசஸ் என்பார்கள். 'உன் சம்பந்தமா ஒண்ணு நடந்திருக்கு, கவனி' என்று ஒரு பிராசஸைக் கெர்னல் தோளில் தட்டுவதுதான் சிக்னல்.

அவர்கள் மெஷினில் ஒரு தாய் பிராசஸ் உண்டு. டியூப் உள்ளே வரும்போது அதன்மேல் ஒட்டிய பட்டைக்குறியை, அதாவது பார்கோடைத் தாய் படித்துக்கொள்ளும். அந்த டியூபை அளப்பதற்கென்று ஒரு பிள்ளை பிராசஸைப் பெற்றுவிடும். பிள்ளைக்குக் கெர்னல் ஒரு அடையாள நம்பர் கொடுக்கும். பிள்ளை அளந்து, அளவை எழுதி வைத்துவிட்டு முடிந்துபோகும். உடனே கெர்னல் தாய்க்குச் சிக்னல் கொடுக்கும். தாய் வந்து, முடிந்தது யார் என்று கேட்டு, ரிப்போர்ட் போடும்.

"அப்புறம்?" என்றார் மேனேஜர்.

"சிக்னல் அனுப்புறது ஒரு நேரம், போய்ச் சேர்றது இன்னொரு நேரம் சார். தாய் கெர்னல்கிட்ட ஒரு வேலையைக் குடுத்துட்டு அதுக்காக முடங்கி நிக்குதுன்னு வைங்க. அப்ப வர்ற சிக்னல் வாசல்ல காத்திருக்கும். தாய் திரும்பி வந்தாத்தான் கைக்குக் கிடைக்கும்."

"காத்திருந்தா என்ன? வந்து எடுத்துக்கட்டுமே."

"ஒண்ணு காத்திருந்தா பரவாயில்ல. நீங்க லிப்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கினாலும் பத்துத் தடவை அமுக்கினாலும் ஒரு விளக்குதான எரியும்? இதுவும் அப்படித்தான். ஒரு வகை சிக்னலுக்கு ஒரே விளக்கு. தாய் முடங்கியிருக்கிற நேரத்துல ரெண்டு பிள்ளை முடிஞ்சா, முதல் பிள்ளைக்கு விளக்கு எரியும். ரெண்டாவதுக்கு, அதான் ஏற்கனவே எரியுதேன்னு கெர்னல் விட்டுடும். தாய் வந்து பார்க்கும், ஒரு விளக்கு, சரி, ஒரு பிள்ளைதான்னு ஒண்ணை மட்டும் விசாரிச்சுட்டுப் போயிடும். இன்னொண்ணு அங்கேயே கேட்பாரில்லாம கிடக்கும். அடுத்த ஆளோட டியூப் முடிஞ்சு விளக்கு எரியிறப்பத்தான் இதோட முறை வரும். அதனாலதான் ஒண்ணு தள்ளித் தள்ளி வருது."

மேனேஜர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா வராதது இப்ப ஏன் வருது?"

"அதையும் கேட்டுட்டேன். போன மாசம்தான் அந்த லேப்ல மெஷினை மையக் கம்ப்யூட்டரோட சேர்த்திருக்காங்க. லைன் மந்தம். ரிப்போர்ட்டை அங்க எழுதுறப்ப தாய் ரொம்ப நேரம் முடங்கி நிக்குது."

"சரி, தள்ளி வருது. நம்பர் கலக்குதா இல்லையா?"

அங்கேதான் வந்து நின்றது விஷயம். தாய், முடிந்த பிள்ளையின் நம்பரைப் பார்த்து அதற்குரிய பட்டைக்குறியைத் தேடி எடுத்தால் கலக்க வழியில்லை. முதலில் போனது முதலில் வந்திருக்கும் என்று வரிசையை நம்பிப் போட்டால், ஒருவர் தலையெழுத்து இன்னொருவர் தலையில். இந்தப் பகுதியை எழுதிக் கொடுத்த சின்னக் கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. ஓடுகிற புரோகிராம் மட்டும் இருக்கிறது, அதை எழுதிய வரிகள் யாரிடமும் இல்லை. எல்லாம் ஒழுங்காக ஓடும்போது கவனித்தும் பயனில்லை, அப்போது வரிசையும் நம்பரும் ஒன்றாகத்தான் போகும். கோளாறு நடக்கிற அந்த நேரத்தில் தாய் என்ன செய்கிறது என்று கெர்னலுக்குள்ளிருந்தே பார்த்தாக வேண்டும்.

மெஷினில் இருந்த கெர்னலில் அப்படிப் பின்தொடர்கிற வசதியை இடத்தை மிச்சம் பிடிக்க அணைத்து வைத்திருந்தார்கள். துருவி அதைத் திறந்து, கெர்னலைப் புதிதாகக் கட்டி, ஆபீஸின் கீழ்த்தளத்தில் இருந்த சோதனை மெஷினில் ஏற்றினாள். முதல்முறை ஏற்றியதும் மெஷின் எழுந்திருக்கவே இல்லை. இரண்டாவதுமுறை எழுந்தது, டியூபை இழுக்கிற கை மட்டும் அசையவில்லை. ஒரு நாள் முழுக்க அதிலேயே போயிற்று. மதியம் கேன்டீனில் யாரோ எதற்கோ சிரித்தபோது அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் நாத்தனார், நிறுத்தி வைத்திருந்த வகுப்புகளை மறுபடி ஆரம்பிக்க ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாங்க, இனிமே எங்கேயும் போகமாட்டேன், தாராளமா சேருங்க" என்று அவள் போனில் சொல்வது சுவர் தாண்டிக் கேட்டது. துருவி தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

மறுநாள் பகலில் மெஷின் சொன்னபடி கேட்டது. கீழ்த்தளத்து அறையில் ஸ்பிரிட் வாடை. மெஷினைச் சரிபார்ப்பதற்கென்று இரண்டு வகைத் திரவம் உண்டு. சிவப்பு மூடி டியூபில் எண் எகிறும், நீல மூடியில் அடிமட்டத்தில் நிற்கும். துருவி சிவப்பும் நீலமும் மாற்றி மாற்றி அடுக்கினாள். நம்பர் கலந்தால் உடனே தெரிந்துவிடும், சிவப்பு டியூபின் பட்டைக்குறிக்கு நேரே சின்ன எண் வந்து நிற்கும். மேனேஜரும் இறங்கி வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ஓட்டினாள். எல்லாம் அழகாக, வரிசையாக வந்தது.

"அப்புறம்?"

"நம்ம லைன் வேகமா இருக்கு சார். தாய்க்கு முடங்க நேரமே கிடைக்கல." லைனை வேண்டுமென்றே இழுத்துப் பிடித்து மந்தமாக்கினாள். மறுபடியும் ஓட்டினாள்.

ஒரு திரையில் ரிப்போர்ட்கள். இன்னொரு திரையில் கெர்னல் நடத்துகிற ஒவ்வொரு சிக்னலும், தாய் கெர்னலிடம் கேட்கிற ஒவ்வொரு வேலையும் ஒரு வரியாக ஓடின. எந்தப் பிள்ளை முடிந்தது, யாருக்குச் சிக்னல் கிளம்பியது, எப்போது கைக்குப் போனது. வரிசையின் கடைசியில் ஒரு சிவப்பும் அடுத்த நீலமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் முடிந்தன. முதல் சிக்னல் கிளம்பிக் காத்திருந்தது. இரண்டாவது சிக்னலின் வரிக்கு நேரே, ஏற்கனவே ஒன்று காத்திருக்கிறது என்பதற்கான குறி விழுந்தது.

"இதோ!" என்றாள் துருவி. "லிப்ட் விளக்கு!"

சிவப்பின் ரிப்போர்ட் வந்தது. நீலம் வரவில்லை. மெஷின் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. லேப் டெக்னீஷியன் சொன்னது இதேதான். துருவி அடுத்த டியூபை வைத்தாள். சிவப்பு மூடி. அதை மெஷின் இழுத்துக்கொண்டது. அளந்தது. ரிப்போர்ட் திரையில் ஒரு எண் வந்து விழுந்தது.

சின்ன எண்.

மேனேஜர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "சிவப்பு வச்சோம். கம்மியா வந்திருக்கு. போச்சும்மா, கலக்குது." அவர் முகத்தில் ஈயாடவில்லை. துருவிக்குச் சாப்பாட்டு மேசையும் அந்தக் காகிதமும் கண்முன் வந்தன. ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, திரையருகே குனிந்து, எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த பட்டைக்குறியை எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

"சார், இது சிவப்போட ரிப்போர்ட் இல்ல."

"என்ன?"

"முன்னாடி நின்னுச்சே, அந்த நீலத்தோடது. நீலத்தோட குறி, நீலத்தோட நம்பர். சரியா இருக்கு சார்!"

மேனேஜரும் குனிந்து படித்தார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். "தற்செயலா இருந்தா?"

அதற்குத்தான் இன்னொரு திரை. அடுத்து தாய் செய்தது அத்தனையும் அங்கே வரிவரியாக இருந்தது. முடிந்தது யார் என்று தாய் கெர்னலைக் கேட்கிறது. கெர்னல், கேட்பாரற்றுக் கிடந்த நீலப் பிள்ளையின் நம்பரைச் சொல்கிறது. அடுத்த வரியில் தாய் திறப்பது அதே நம்பரைப் பெயராகக் கொண்ட கோப்பை. மேலே தேடினால், அந்தப் பிள்ளையைப் பெற்ற கையோடு தாய் அதே கோப்பில் நீலத்தின் பட்டைக்குறியை எழுதி வைத்திருக்கிறது. பிள்ளை தன் அளவை எழுதியதும் அதே கோப்பில்தான். வரிசையைத் தாய் எங்கேயும் நம்பவே இல்லை. பெயர் தெரியாத யாரோ ஒரு புரோகிராமர் சிக்னலை எண்ணுவதில் கோட்டை விட்டிருந்தார், ஆனால் பிள்ளையை அடையாளம் காண்பதில் கெட்டியாக இருந்திருக்கிறார்.

துருவி சும்மா விடுவாளா? ரேக் ரேக்காக ஓட்டினாள். லைனை இன்னும் இழுத்தாள். மூன்று பிள்ளைகளை ஒன்றாக முடிய வைத்தாள், நாலு பேரை வைத்தாள். ரிப்போர்ட்கள் பின்தங்கின, குவிந்தன, முன்பின்னாக வந்தன. ஆனால் சிவப்புக்குச் சிவப்பு, நீலத்துக்கு நீலம். ஒன்றுகூடப் பிசகவில்லை. கடைசி ரேக் முடிந்ததும் அப்படியே தரையில், மெஷின் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மூச்சு நெஞ்சின் அடிவரை போய்வந்தது. இந்த வாரத்தில் முதல்முறை. சிரிப்பு வந்தது, கூடவே கண்ணிலும் கொட்டியது.

"என்னம்மா, என்னாச்சு?" என்று பதறினார் மேனேஜர்.

"என் நாத்தனார் சார். அந்த லேப்லதான் ரத்தம் குடுத்தா. நல்ல ரிப்போர்ட்னு வீட்ல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க. நான் இத்தனை நாளும்..."

மேனேஜர் ஸ்டூலை விட்டுவிட்டு அவரும் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் படக்கென்று சத்தம் போட்டது. பிறகு, "இதை நீ முதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார்.

"தெரியும் சார்."

"சொல்லியிருந்தா உன்னை இதுல விட்டிருக்க மாட்டேன்."

"அதுவும் தெரியும்."

அவர் பெருமூச்சு விட்டார். "நாளைக்கு வேற ஒருத்தரை உக்காத்தி வச்சு முழுசா இன்னொரு தடவை ஓட்டச் சொல்றேன். உன்மேல சந்தேகம் இல்ல, அதுதான் முறை. இப்ப எழுந்திரு. அந்த லேப் அம்மா பாவம், கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருப்பாங்க."

போனில் லேப் டெக்னீஷியன் முழுதையும் பொறுமையாகக் கேட்டாள். நம்பர் எதுவும் மாறவில்லை என்றதும் மறுமுனையில் சத்தமே இல்லை. துருவி, "ஹலோ?" என்றாள்.

"இருக்கேன் மேடம். ஒண்ணுமில்ல. போன மாசம் நான் எத்தனை பேர்கிட்ட ரிப்போர்ட்டைக் கையில குடுத்து, கவலைப்படாதீங்கன்னு சிரிச்சுக்கிட்டே அனுப்பினேன். அந்த முகமெல்லாம் இந்த வாரம் பூரா தூங்கவிடல." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி, மெஷினை எப்ப ஓட்டலாம்?"

"நாங்க ஒரு தடவை மறுபடி பார்த்துட்டுச் சொல்றோம். அப்புறமும் மையக் கம்ப்யூட்டர் இணைப்பைப் பிடுங்கிட்டு ஓட்டுங்க. அந்தப் பகுதியையே நான் புதுசா எழுதித் தர்றேன். விளக்கு ஒரு தடவை எரிஞ்சாலும், முடிஞ்ச பிள்ளைங்க இன்னும் யாராவது இருக்காங்களா, இருக்காங்களான்னு இல்லைங்கிற வரைக்கும் கேக்கணும். அவ்வளவுதான் வைத்தியம்."

அந்த மெஷின் வைத்திருக்கிற எல்லா லேபுக்கும் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிவிட மேனேஜர் முடிவு செய்தார். துருவி வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. பசி கண்ணைக் கட்டியது. கடையில் ஒரு பெரிய பன் வாங்கி நடுரோட்டில் நின்று தின்றாள்.

எதிரே ஹாரன் அடித்தது. கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்த கார். வகுப்பை மறுபடி ஆரம்பித்த முதல் நாள், நாத்தனார் கடைசி மாணவரை இறக்கிவிட்டு அந்த வழியாக வந்திருந்தாள். "என்ன அண்ணி, ரோட்ல நின்னு பன்னு தின்னுறீங்க, எங்க வீட்ல சோறு போடுறதில்லையா? ஏறுங்க. நீங்களே ஓட்டுங்க, பார்ப்போம், கத்துக்குடுத்தது ஞாபகம் இருக்கான்னு."

துருவி ஓட்டுனர் இருக்கையில் ஏறினாள். இரண்டு தெரு தாண்டியதும், நேராகப் பார்த்தபடியே, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். முதல்ல முடிவைச் சொல்றேன். உன் ரிப்போர்ட் உன்னோடதுதான். நீ நல்லா இருக்க" என்றாள்.

"அது எனக்கே தெரியுமே. இப்ப ஏன்..."

துருவி சொன்னாள். பாதி சொல்லும்போதே நாத்தனார் தன் பக்கத்துப் பிரேக்கில் காலை ஊன்றினாள். கார் குலுங்கி ஓரத்தில் நின்றது. பின்னால் வந்தவன் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான்.

"இந்த வாரம் பூரா என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டீங்க. முடி நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

"முடி நல்லாத்தான் இருக்கு."

"அண்ணி!"

"சொன்னா நீயும் பயந்திருப்ப. ஒண்ணும் தெரியாம உன்னை எதுக்குப் பயமுறுத்தணும்னுதான். நாளைக்குள்ள தெரியலைன்னா சொல்லியே இருப்பேன்."

"நான் பயப்படுறதை நீங்க யாரு முடிவு பண்ண?" அவள் குரல் ஏறியது. "ஆஸ்பத்திரியில டாக்டர் ஒவ்வொண்ணையும் எங்கிட்ட மறைச்சு அண்ணன்கிட்ட சொன்னப்ப, 'அவ உடம்பு, அவகிட்ட சொல்லுங்க'ன்னு சண்டை போட்டது நீங்கதான?"

துருவி, "தப்புதான்" என்றாள்.

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பக்கம் பார்த்தபடியே, "நிச்சயமா என்னோடதுதானா?" என்று கேட்டாள். இதுவரை கேட்டிராத சின்னக் குரல்.

"நிச்சயமா. உள்ள போய், ஒவ்வொரு வரியா, கண்ணால பார்த்தேன்."

"நீங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும்." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆனாலும் நாளைக்குக் காலையில வேற லேப்ல போய் இன்னொரு தடவை ரத்தம் குடுக்கப் போறேன். உங்களை நம்பாம இல்ல. என் ரத்தம், ஒரு தடவை கேட்டுக்கிறேன்."

"நானும் வர்றேன்."

"வராம? வண்டி யாரு ஓட்டுவா?"

போனார்கள். ரத்தம் கொடுத்தாள். சோதனை மெஷினில் வேறொருத்தர் உட்கார்ந்து ஓட்டி, துருவி சொன்னதையே சொன்னார். புது லேபின் ரிப்போர்ட் அதற்கு மறுநாள் வந்தது. பழைய எண்ணிலிருந்து மயிரிழை வித்தியாசம், கோட்டுக்கு அதே வெகு கீழே. நாத்தனார் இரண்டு காகிதத்தையும் சேர்த்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள், பூட்டினாள், துருவியின் தோளில் தலையைச் சாய்த்து, இறங்க வேண்டிய நேரம் வந்தும் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். துருவியும் அவசரப்படுத்தவில்லை.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னார்கள். எல்லாருக்கும் கடைசியில் தனக்குத் தெரிந்ததில் அவனுக்கு ஒரே மனத்தாங்கல். "இந்த வீட்டுல நான் யாரு, வாடகைக்கு இருக்கிறவனா?" என்று ஆரம்பித்தவன், இரண்டாவது ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அடங்கினான். பிறகு விவரமாகச் சொல்லு என்று உட்கார்ந்தான். துருவி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"அண்ணா, கெர்னல்னு ஒருத்தன் இருக்கான். கம்ப்யூட்டருக்குள்ள வாட்ச்மேன் மாதிரி. ரெண்டு பிள்ளைங்க வந்து, அம்மாகிட்ட சொல்லுன்னு சொன்னா, இந்தச் சோம்பேறி ஒருத்தன் வந்தான்னு மட்டும் சொல்லிடுவான். அப்ப அண்ணி போய் அவன் சட்டையைப் பிடிச்சு..."

"சட்டையைப் பிடிச்சாளா?"

"குறுக்க பேசாத. பிடிச்சுக் கேட்டாங்க, எங்க வீட்டுப் பொண்ணு நம்பரை என்னடா பண்ணினேன்னு."

பாதிக்குமேல் தப்பு. துருவி திருத்தப் போகவில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டு, நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்து, கதையைக் கேட்டாள்.